கேக்குக்கு வைத்திருந்த திராட்சையைச் செவலை தின்ற இரவு

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ஊறப்போடுகிற வேலை பல வீடுகளில் நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். அதனால்தான் பண்டிகை நெருங்கும்வரை காத்திருக்காமல் இதை இப்போதே எழுதுகிறேன். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள், அதிலும் புதிதாக ஒரு நாயை எடுத்து வந்திருப்பவர்கள், வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். திராட்சைப் பழமும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக் கூடியவை. கிஸ்மிஸ், கருப்புத் திராட்சை, விதையுள்ளது, விதையில்லாதது என்று எதற்கும் விலக்கு இல்லை. சில நாய்கள் ஒரு கைப்பிடி தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கும், சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். எந்த நாய் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. தின்றுவிட்டது தெரிந்தால் "பார்ப்போம்" என்று விடியும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கக் கிடைக்கும் முதல் சில மணி நேரம்தான் பெரிய வாய்ப்பு. போன டிசம்பருக்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அத்தான், அதாவது என் கணவர், மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் நானும் அத்தையும் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் மட்டும்தான். வருடம் முழுக்கத் தையல் வேலை, நவம்பர் டிசம்பரில் கேக் ஆர்டர். செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது போன வருடம், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் வாரங்கள் தொடங்குகிற சமயத்தில். எங்கள் பக்கத்துத் தெருக்களில் நாய்களுக்குச் சோறு வைக்கிற ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறாள். பைக் மோதிக் கால் உடைந்து கிடந்த செவலையை அவள்தான் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்து, கருத்தடையும் செய்து, ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பெட்டை, நாட்டு நாய், நல்ல செம்மண் நிறம். மகள் பார்த்த அன்றே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும், ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு நாய் இருந்தால் நல்லதுதான் என்று தோன்றியது.

அத்தைக்குத் துளியும் விருப்பமில்லை. "ஜெபம் பண்ணுத வீட்டுக்குள்ள நாய்க்கு என்னட்டி சோலி" என்று ஒரே பிடியாக நின்றார்கள். வாசல் படியைத் தாண்டக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தால் அது படியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். பாட்டுப் பாடும்போது காதை மட்டும் அசைக்கும், ஒரு சத்தம் போடாது. கொஞ்ச நாளில் அந்தப் படியைத் தாண்டி உள்ளே கூப்பிட்டதே அத்தைதான். அதற்குப் பிறகு அத்தை வாயில் போடுகிற எதிலும் செவலைக்கு ஒரு பங்கு உண்டு. மீன் முள் எடுத்த சதை, இட்லித் துண்டு, முறுக்கு உடைசல். நான் ஏதாவது சொன்னால், மேஜையிலிருந்து விழுகிற துணிக்கைகளை நாய்க்குட்டிகள் தின்னுமே என்று ஆண்டவரிடமே வாதாடிய கானானிய ஸ்திரீயை எடுத்துக்காட்டி என் வாயை அடைத்துவிடுவார்கள். சாப்பாடு கொடுப்பதுதான் அத்தைக்குத் தெரிந்த பாசம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான். அதனால் நாய்க்கு ஆகாதது எது என்பதை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும், உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

நாயை எடுப்பது பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீட்பு வேலை செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: புது வீட்டில் நாயின் பயம் தெளிய 3 நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று நம்ப 3 மாதம். எல்லா நாய்க்கும் அச்சாக இப்படியே இருக்காது, ஆனாலும் நல்ல வழிகாட்டி. இந்தக் கணக்கின்படி பார்த்தால் டிசம்பர் நாய் எடுப்பதற்கு மிக மோசமான மாதம். ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், வெடிச் சத்தம் ஓயாது, அடுப்படியில் இரவு பகலாக வேலை நடக்கும், நமக்கும் அதைக் கவனிக்க நேரம் இருக்காது. எடுக்கிறவர்கள் பண்டிகை முடிந்து ஜனவரியில் எடுங்கள். எடுக்கும்போது வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்குங்கள். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தெருவில் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் எடையைப் போட்டு எழுதி வையுங்கள். செவலையின் அட்டையில் 14 கிலோ என்று அந்தப் பெண் எழுதித் தந்திருந்தாள். அந்த ஒரு எண் எனக்கு எவ்வளவு கைகொடுத்தது என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் முந்திரிக்கொத்து, அதிரசம், கைமுறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, அதோடு கேக். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கிற வாசனை வந்துவிட்டால் மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். கேக் பழங்களை அத்தை பெரிய பீங்கான் பரணியில் ஊறப்போடுவார்கள். கருப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், எல்லாம் பொடியாக நறுக்கித் திராட்சைச் சாற்றில். எங்கள் வீட்டில் ரம் சேர்க்கும் வழக்கம் இல்லை. ரம்மோ பிராந்தியோ சேர்க்கிறவர்கள் வீட்டில் நாய்க்கு ஆபத்து இரண்டு மடங்கு, ஏனென்றால் சாராயம் தனியாகவே நாய்க்கு விஷம். ஆர்டர் கேக்குக்கும் சேர்த்து ஊறவைத்திருந்ததால் பரணி நிறைய இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு சாயங்காலம், முதல் ஆர்டருக்கு வேண்டிய பழத்தை வடிகட்டி, மைதா பிசிறி, தாம்பாளத்தில் பரப்பி வைத்தோம். மைதா பிசிறினால் பழம் கேக்கின் அடியில் போய் உட்காராது.

அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ். டிரம் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே செவலை நடுங்க ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு யாரோ சரவெடி வேறு போட்டார்கள். அது வாசல் வழியாக ஓடிவிடக் கூடாதே என்று அடுப்படிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். வீட்டின் கடைசி அறை, சத்தம் குறைவாகக் கேட்கும் இடம், ஓடவும் முடியாது. கேரல் குழு வந்து பாடி, ஜெபித்து, காபி குடித்து, கிறிஸ்துமஸ் தாத்தா மகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தால் தாம்பாளம் தரையில் கிடக்கிறது. மைதா எங்கும் சிதறிக் கிடக்கிறது, பழம் பாதிக்கு மேல் இல்லை. செவலை மூக்கெல்லாம் வெள்ளையாக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மகள் சிரித்தாள், அத்தையும் சிரித்தார்கள். நானும் போன பழத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு தரையைத் துடைக்கத்தான் போனேன். நாய் மாத்திரை எதுவும் தின்னவில்லை, பழம்தானே தின்றிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குப் படத்தை அனுப்பினேன், வேடிக்கையாகத்தான். ஒரு நிமிடத்துக்குள் போன் வந்தது. "அக்கா, எவ்வளவு தின்னுச்சு? தின்னு எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்ட குரலே மாறியிருந்தது. திராட்சை நாய்க்கு விஷம், உடனே டாக்டரிடம் கொண்டுபோய் வாந்தி எடுக்க வையுங்கள் என்றாள். அப்போது இரவு ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "உப்பக் கரைச்சு ஊத்தும்மா, எல்லாத்தையும் கக்கிரும்" என்றார்கள். புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. போனில் இருந்த அந்தப் பெண், "அக்கா, எதையும் வாயில ஊத்தாதீங்க" என்று கத்தினாள். அவள் கத்தியது நல்லதாகப் போயிற்று. உப்புக் கரைசலை நிறைய ஊற்றினால் ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே நாயைக் கொன்றுவிடும். துவண்டு கிடக்கிற நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். புளியைப் பற்றி எனக்குப் பின்னால் தெரிய வந்த விஷயத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அதைப் படித்த அன்று எனக்குக் கையெல்லாம் நடுங்கியது.

டாக்டர் தேடியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கையில் இருந்த முதல் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு இடத்தில் எடுத்தவர், "திராட்சை தானம்மா, ஒண்ணும் செய்யாது, காலைல கொண்டு வாங்க" என்று வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது, அவரே சொல்கிறாரே, விட்டுவிடலாமா என்று. அந்தப் பெண் விடவில்லை. அவள் கொடுத்த வேறொரு நம்பரில் ஒரு டாக்டர் எடுத்தார். எத்தனை மணிக்குத் தின்றது, என்ன பழம், ஏறக்குறைய எவ்வளவு, நாயின் எடை என்ன, இவ்வளவுதான் கேட்டார். 14 கிலோ என்று யோசிக்காமல் சொல்ல முடிந்ததால் அங்கேயே கணக்குப் பார்த்துவிட்டு, "கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன், உடனே வாங்கம்மா" என்றார். நாயின் எடைக்குக் கிலோவுக்கு 3 கிராமுக்கும் குறைவான உலர்திராட்சையிலேயே சிறுநீரகம் பாதித்ததாகப் பதிவு உண்டாம். அப்படிப் பார்த்தால் செவலைக்கு 40 கிராமே அதிகம். அது தின்றது கால் கிலோவுக்குக் குறையாது.

ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சீட் நாறிவிடும் என்றார் ஒருவர், கடித்துவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் வந்த ஒரு அண்ணன் மட்டும் இறங்கி, தானே பின்சீட்டில் சாக்கை விரித்து, "தூக்கி வைங்கம்மா" என்றார். மகளை அத்தையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். மடியில் செவலை, கையில் தடுப்பூசி அட்டை, பர்ஸில் கேக் ஆர்டருக்கு வாங்கிய முன்பணம். ஊரெல்லாம் ஸ்டார் தொங்குகிறது, ஒவ்வொரு தெருவிலும் பாட்டு கேட்கிறது, எனக்கு மட்டும் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. அத்தான் பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை.

டாக்டர் ஒரு ஊசி போட்டார். சிறிது நேரத்தில் செவலை வாந்தி எடுக்க ஆரம்பித்தது. உப்பிப்போன திராட்சை, குவியல் குவியலாக. ஊறின பழம் இரைப்பையில் நெடுநேரம் அப்படியே கிடக்கும், அதனால் நேரம் கடந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்து விட்டுவிடாதீர்கள், டாக்டர் முடிவு செய்யட்டும். பிறகு கரித்தூள் கரைசல் கொடுத்தார்கள். முன்காலில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். யூரியா, கிரியாட்டினின் இரண்டும்தான் முக்கியம், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் இவை ஏறும் என்றார் டாக்டர். அன்றிரவு கிரியாட்டினின் 1.1, அது சரியான அளவு. நான் பெருமூச்சு விட்டேன். டாக்டர் உடனே சொன்னார்: "இப்ப நார்மலாத்தாம்மா இருக்கும். பாதிப்பு இருந்தா நாளைக்கோ நாளைக்கழிச்சோதான் தெரியும். 72 மணி நேரம் கழிச்சுத்தான் நான் வாய் திறப்பேன்." இதை நன்றாக மனதில் வையுங்கள். முதல் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. முதல் பரிசோதனை பின்னால் வருவதை ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

அவர் சொன்ன மாதிரியே மறுநாள் செவலை எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்தால் வாந்தி. அத்தை மீன் சதையை மூக்குக்கிட்டக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. கிரியாட்டினின் 2.9 என்று வந்தது. இரவில் நாயைத் தங்க வைத்துப் பார்க்கிற வசதி அந்தக் கிளினிக்கில் இல்லை. காலையில் கொண்டுபோய் டிரிப்ஸ், சாயங்காலம் வீட்டுக்கு, இரவு வீட்டிலேயே இன்னொரு பாட்டில். பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டுவது, சொட்டு எண்ணுவது, வென்ஃப்ளான் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றெல்லாம் கம்பவுண்டர் தம்பி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். டாக்டர் சொல்லித் தராமல் இதை வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாத நாய்க்கு அளவுக்கு மீறித் தண்ணீர் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். எத்தனை தடவை சிறுநீர் போகிறது, எவ்வளவு போகிறது என்று மகளின் பழைய நோட்டில் எழுதினேன். டாக்டர் தினமும் முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

கேக் ஆர்டர் எல்லாம் நின்றுபோயிற்று. வாங்கிய முன்பணத்தை ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கடைசி நேரத்தில் இப்படிச் செய்துவிட்டாயே என்று கோபப்பட்டார்கள், அவர்கள் கோபமும் நியாயம்தான். உறவில் ஒருவர் போனில், "நாய்க்குப் போயி இவ்வளவு செலவா? அதை ஒரு அனாதை இல்லத்துக்குக் கொடுத்திருந்தா புண்ணியமாவது இருக்கும்லா" என்றார். அதற்குப் பதில் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன். நம்மை நம்பி வந்து நம் வாசல் படியில் தலை வைத்துப் படுத்த உயிர் அது. அதன் வேதனைக்கு நான்தான் பொறுப்பு. ஏழைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்கு இந்த நாய் எனக்குக் குறுக்கே நிற்கவில்லை.

நாய்க்காக ஜெபிக்கலாமா என்றும் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறவர் என்று 36-ஆம் சங்கீதத்தில் சின்ன வயதிலிருந்து வாசித்து வருகிறோம். நோவா பேழைக்குள் குடும்பத்தை மட்டுமா ஏற்றினார்? ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை எனக்கு ஜெபம் வரவில்லை. அத்தையும் மகளும் புதுச் சேலை, புதுப் பாவாடையில் அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டார்கள். நான் பழைய நைட்டியில் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தவறவிட்ட முதல் கிறிஸ்துமஸ் ஆராதனை அதுதான். ஆண்டவர் மேல் கோபம் கோபமாக வந்தது. வீடில்லாமல் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து இப்படிச் சாகக் கொடுக்கவா என்று கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். ஆராதனை முடிந்து எங்கள் ஐயரம்மா, சபைப் போதகரின் மனைவி, வீடு தேடி வந்தார்கள், அத்தை சொல்லியிருக்க வேண்டும். பட்டுச் சேலையோடு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, செவலையின் தலையில் கை வைத்து, ஒரு பிள்ளைக்கு ஜெபிக்கிற மாதிரிப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். போகும்போது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நோய்ப்பட்ட நாயை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தால் நாயைப் பார்க்கப் போகும்போது அந்த ஆளுக்கும் நாலு இட்லி கொண்டு போங்கள்.

சாயங்காலம் செவலை தானாக எழுந்து, தள்ளாடிப் போய், பின்வாசல் வேப்பமரத்தடியில் நெடுநேரம் சிறுநீர் கழித்தது. அத்தை "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் வந்து எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் கிரியாட்டினின் இறங்கியிருந்தது, பிறகு படிப்படியாகச் சரியானது. சிறுநீரகம் ஒரு தடவை அடி வாங்கியது என்பதால் அவ்வப்போது ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்து வருகிறோம். இப்போது நன்றாக இருக்கிறது. சரியான நேரத்தில் வாந்தி எடுக்க வைக்காமல் விட்டிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னதிலிருந்து புரிந்துகொண்டேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. கிளினிக்குக்கும் மருந்துக்கும் ஏறக்குறைய 13,000 ரூபாய், ரத்தப் பரிசோதனைகளுக்கு 4,000-க்கு மேல், ஆட்டோவுக்கு 2,500. திருப்பிக் கொடுத்த முன்பணமும் வீணாகப் போன சாமான்களும் தனி. சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்துத்தான் சமாளித்தேன். நாய் வளர்க்கிறவர்கள் மாதம் 500 ரூபாயாவது அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் எந்த மருத்துவமனை ஆனாலும் இரவிலும் விடுமுறை நாளிலும் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புளி. திராட்சையில் எது விஷம் என்று பல வருடமாகப் பிடிபடாமல் இருந்திருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு ஆலோசனை மையத்தின் கால்நடை மருத்துவர்கள், அது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்ற நாய்களுக்கும் இதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்திருக்கிறது. நம் வீடுகளில் புளிக்குழம்புச் சோற்றைத்தான் நாய்க்குப் பிசைந்து வைக்கிறோம், விஷத்தை முறிக்கப் புளியைக் கரைத்து ஊற்றவும் சொல்கிறோம். அன்றைக்கு அந்தப் பெண் போனில் இல்லாவிட்டால் திராட்சை தின்ற நாய்க்கு நானே புளியும் கொடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் இப்போது செவலைக்குக் குழம்புச் சோறு கிடையாது. மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்த கோழியும் சோறும், அல்லது முட்டையும் சோறும். அத்தைக்குக் கொடுக்கிற ஆசை தீர வேண்டுமே, அதற்கு வேகவைத்த பூசணித் துண்டும் கேரட்டும் ஒரு டப்பாவில் நறுக்கி வைத்திருக்கிறேன். வருகிற விருந்தாளிகளும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு என்று எல்லாவற்றிலும் கிஸ்மிஸ் உண்டு, பண்டிகை எதுவானாலும் இதே கதைதான். சாக்லேட் ஆகாது என்று பலருக்குத் தெரியும், அதைவிடக் கோகோ பவுடர் கடுமையானது என்று தெரியாது. பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாகப் பிளந்து குடலைக் கிழிக்கும், "நாய்க்கு எலும்பு போடு" என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து மறக்க வேண்டும். ஈஸ்ட் போட்ட மாவு வயிற்றுக்குள் போய்ப் பொங்கும், சாராயமாகவும் மாறும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று கேக் செய்கிறவர்கள் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள், அது திராட்சையைவிட வேகமாகக் கொல்லும். எண்ணெய்ப் பலகாரம் நிறையத் தின்றால் கணையம் வீங்கும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற ஜிகினாச் சரத்தை விழுங்கினால் குடல் சுருண்டுவிடும்.

வெடிக்குப் பயப்படுகிற நாயைப் பூட்டி வைக்க அடுப்படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாப்பாட்டுச் சாமான் எதுவும் இல்லாத படுக்கையறை நல்லது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, அது படுக்கிற துணியையும் போட்டு, முடிந்தால் ஒரு ஆள் கூட இருங்கள். கேரல் குழுவில் இருக்கிற தம்பிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாய் இருக்கிற வீட்டு வாசலில் சரவெடி வேண்டாம். நாங்கள் இந்த வருடம் சங்கத்தில் கேட்டோம், எங்கள் தெருவுக்குள் வெடி போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். வெடிக்குப் பயந்து ஓடிய நாய்கள் புத்தாண்டு இரவில்தான் அதிகம் தொலைகின்றன என்று அந்தப் பெண் சொல்கிறாள். 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்குக் குடும்பமே கிளம்பிப் போகிற வீடுகளில் கதவைச் சரியாகப் பூட்டினோமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

எங்கள் பிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரவில் போன் எடுக்கிற டாக்டர் நம்பர், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரே எழுதித் தந்த நம்பர், அரசு மருத்துவமனை நேரம், நாயை ஏற்றிக்கொள்கிற ஆட்டோ அண்ணன் நம்பர், செவலையின் எடை. எடையை மாதம் ஒரு தடவை திருத்தி எழுதுகிறேன். டிசம்பர் 24, 25-ஆம் தேதிகளில் அந்த டாக்டர் ஊரில் இருப்பாரா என்று போன வாரமே கேட்டுவிட்டேன், 25 மத்தியானம் வரை இல்லை என்றார். அந்த நேரத்துக்கு யார் என்று கேட்டு அந்த நம்பரையும் தாளில் சேர்த்திருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் நீங்களும் இந்த வாரமே கேளுங்கள்.